கடலுக்குக் காவல் வேண்டும். களியக்காவிளைக்குக் கதவு வேண்டாம்

(காஞ்சிரங்குளத்தில் நடைபெற்ற தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



வாரம் ஆறு நாள் கல்லும் மண்ணும் சுமந்துவிட்டு, கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சங்கத்துக்குத் தந்திருக்கிறீர்கள். எனவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சென்ற கூட்டத்தில் ஒரு மனு நம் முன் வைக்கப்பட்டது. வடக்கிலிருந்து வரும் தொழிலாளர்களால் நம் வேலை போகிறது, கூலி குறைகிறது. அவர்கள் யார், எந்த ஊர் என்றே தெரிவதில்லை. ஆகவே எல்லையிலேயே நிறுத்திச் சோதித்து, உரிய தாள் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பும்படி நம் சங்கம் அரசைக் கேட்க வேண்டும் என்பது அந்த மனு. நம் தோழர்கள் சிலர் அதில் கையெழுத்தும் இட்டிருக்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நாம் கருதவில்லை. இன்று வேலை கிடைக்குமா என்ற கவலையோடு விடியற்காலை ஜங்ஷனில் நிற்கிறவனுக்கு, பக்கத்தில் வந்து நிற்கும் புது ஆள் கண்ணை உறுத்தத்தான் செய்வான். ஆனாலும் அந்த மனுவை நாம் அனுப்பப் போவதில்லை. ஏன் அனுப்பவில்லை, அதற்குப் பதிலாக எதைக் கேட்கப் போகிறோம் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கோடு எங்கிருந்து வந்தது?

நாம் இருக்கும் இடத்திலிருந்து பாறசாலை வழியாகப் போனாலும், பூவாறு வழியாகக் கடற்கரையை ஒட்டிப் போனாலும் சற்று நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடுகிறது. நம் குடும்பங்களில் பெண் கொடுத்ததும் எடுத்ததும் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்தில்தான். குலதெய்வம் அங்கே, கூலி இங்கே. பெரியாஸ்பத்திரிக்கு அங்குள்ளவர் திருவனந்தபுரம் வருகிறார். காய்கறி வாங்க இங்குள்ளவர் களியக்காவிளைச் சந்தைக்குப் போகிறார்.

1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன்பு களியக்காவிளையில் எல்லையே கிடையாது. விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே ஆட்சியின் கீழ் அடுத்தடுத்துக் கிடந்த தாலுக்காக்கள். சென்னை மாகாணத்தின் எல்லை ஆரல்வாய்மொழியில் இருந்தது. நேசமணி முன்னணியில் நின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இரண்டாண்டு கழித்துத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் குமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றன.

அந்தக் கோட்டை அழித்து எழுத நாம் இங்கே கூடவில்லை. மக்கள் தங்கள் மொழியில் ஆளப்பட வேண்டும் என்பதற்காகப் போட்ட கோடு அது. ஆளை மறிக்கப் போட்ட கோடு அல்ல. இந்த இரண்டையும் குழப்பும்போதெல்லாம் அடிபடுகிறவர் எளியவரே. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் தந்துகொண்டிருந்தது. 2004இல் அது நின்றது. ஆட்சிக்குப் போட்ட கோடு தண்ணீரைத் தடுத்தது. நாளை அதே கோடு ஆளையும் தடுக்க வேண்டுமென்று நாமே மனுப் போடலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியக் குடிமகன் எவரும் நாடு முழுவதும் தடையின்றி நடமாடலாம்; எந்தப் பகுதியிலும் தங்கிக் குடியமரலாம். அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் உரிமை இது. பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் வேலை தேடி வருகிறவனை வேலை தேடி வருகிறான் என்பதற்காகவே தடுப்பது அந்தக் கட்டுப்பாட்டில் அடங்காது. நாட்டுக்குள் அயலார் வருவதும் போவதும் மத்திய அரசின் பட்டியலில் 19ஆம் இனம். மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்வது அதே பட்டியலில் 81ஆம் இனம். அதாவது வெளி எல்லை நம் எல்லோருக்கும் பொது. உள் எல்லையில் தனக்கென ஒரு கதவு போட்டுக்கொள்ளும் உரிமை பொதுவாக மாநிலங்களுக்குத் தரப்படவில்லை.

தாளில் எழுதிய இந்த உரிமை 2020இல் என்ன ஆயிற்று என்பதை நாம் மறக்கவில்லை. கொரோனா நோய் வந்தபோது கர்நாடக அரசு காசர்கோட்டு எல்லைச் சாலைகளில் மண்ணைக் கொட்டி அடைத்தது. மங்களூர் மருத்துவமனைக்குப் போக முடியாமல் நோயாளிகள் வழியிலேயே இறந்தார்கள். அந்தத் தடையை நீக்கும்படி ஏப்ரல் 1ஆம் தேதி கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நடமாடும் உரிமையும் உயிர் வாழும் உரிமையும் மீறப்படுவதாகச் சொன்னது. இங்கும் பாஸ் இல்லாமல் களியக்காவிளையைக் கடக்க முடியவில்லை. கல்யாணமும் சாவும் பாஸுக்குக் காத்து நின்றன. நோய்க்குத் தடுப்பு வேண்டாம் என்று நாம் அன்றும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸை நிறுத்தும் தடுப்பு நோய்த் தடுப்பு அல்ல என்றுதான் சொன்னோம்.

காவலே வேண்டாமா?

"அப்படியானால் யார் வேண்டுமானாலும் வரட்டும், போகட்டும் என்கிறீர்களா?" என்று ஓர் அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. 2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவரை இருவர் சுட்டுக் கொன்றார்கள். அவரும் மாதச் சம்பளத்துக்குக் காவல் நின்ற ஒரு குடும்பத் தலைவர். அந்தச் சாவை நாம் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் கொலையாளிகள் எனத் தேடப்பட்டவர்கள் எப்படிப் பிடிபட்டார்கள் என்று பாருங்கள். ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டார்கள். மாநிலங்களின் காவல்துறைகள் செய்தியைப் பகிர்ந்துகொண்டதால் முடிந்த காரியம் அது. பேருந்திலிருந்து சட்டி பானையோடு இறங்கும் கூலிக்காரரை வரிசையில் நிறுத்தியிருந்தால் அவர்கள் பிடிபட்டிருப்பார்களா?

சரக்குக்கும் இதுவே பொருந்தும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் மாநில எல்லைகளில் விற்பனைவரிச் சாவடிகள் நீக்கப்பட்டன. அமரவிளையில் லாரிகள் மணிக்கணக்கில் நின்ற காலம் போய்விட்டது. குமரி மாவட்டத்து மலைக்கல் எல்லை கடந்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்தது. அந்தத் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கல்லுக்கு வழி உண்டு, அதை உடைக்கிறவனுக்கு வழி இல்லை என்றால் அது என்ன நீதி?

நம் உண்மையான வெளி எல்லை களியக்காவிளையில் இல்லை, கடலில் இருக்கிறது. 2021 மார்ச்சில் இந்தியக் கடலோரக் காவல்படை இலங்கை மீன்பிடிப் படகு ஒன்றை மடக்கி, 300 கிலோ ஹெராயினையும் ஐந்து ஏ.கே.47 துப்பாக்கிகளையும் கைப்பற்றி, படகை விழிஞ்ஞத்துக்குக் கொண்டுவந்தது. நம் வீட்டுக்கு மிக அருகில் நடந்த செய்தி இது. ஆகவே கடலில் காவல் வேண்டும். அது உறுதியாகவும் இருக்க வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் அந்தக் காவலின் பாரத்தை யார் சுமக்கிறார்கள்? 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவல் நிலையங்கள் பெருகின. மீனவருக்குக் கைரேகை பதித்த அடையாள அட்டை வந்தது. புதிய படகைக் கண்டால் தகவல் சொல்ல வேண்டியவர் மீனவர். தன் அட்டையைக் காட்டி நிற்க வேண்டியவரும் மீனவரே. 2012 பிப்ரவரி 15இல் நீண்டகரையிலிருந்து போன படகின் மீது இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டார்கள். இறந்த இருவரில் ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் குமரி மாவட்டத்துக்காரர். குண்டு மாநிலம் பார்க்கவில்லை. கேரள அரசும் அன்று அது பார்த்து ஒதுங்கவில்லை; இருவருக்காகவும் வழக்கு நடத்தியது. 2021இல் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்சநீதிமன்றம் வழக்கை முடித்தபோது இரு குடும்பங்களுக்கும் ஒரே தொகைதான், நான்கு நான்கு கோடி.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது நடந்தது வேறு. பொழியூரும் நீரோடியும் அடுத்தடுத்த கடற்கரை. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் அழுத அழுகைதான் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் கேட்டது. ஆனால் காணாமல் போனவர் பட்டியல் மட்டும் இரண்டு அரசிடம் இரண்டாக இருந்தது. கடலில் ஒன்றாகத் தொழில் செய்தவர்கள் கணக்கேட்டில் பிரிந்து கிடந்தார்கள். வெளி எல்லை எல்லோருக்கும் பொது என்றால், அதில் நேரும் துயரமும் பொதுவாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலைக் காவல் காப்பது வேறு. உயிர் தப்பி வருகிறவரை விரட்டுவது வேறு. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காகப் புனலூரில் 1976இல் மறுவாழ்வு ரப்பர்த் தோட்ட நிறுவனம் தொடங்கப்பட்டது. நடந்த தவறு அந்த மக்களைக் கேட்காமலே இரு நாட்டுத் தலைவர்கள் பங்கு போட்டதுதான். வந்தவர்களுக்கு வேலையும் வீடும் தந்தது தவறல்ல. அதனால் கேரளம் குடிமுழுகிப் போகவும் இல்லை.

ஐரோப்பாவின் பாடம்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1985 ஜூன் 14இல் லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் ஐந்து ஐரோப்பிய நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன: தங்களுக்கிடையே உள்ள எல்லைகளில் சோதனை இராது, வெளி எல்லையைச் சேர்ந்து காப்பது. 1995 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நூற்றாண்டுகளாகச் சண்டையிட்ட நாடுகளின் மக்கள் பாஸ்போர்ட்டை எடுக்காமலே வேலைக்குப் போய் வந்தார்கள். பெரிய சாதனை அது.

ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. காவலைப் பொதுவாக்கியவர்கள் பொறுப்பைப் பொதுவாக்கவில்லை. அகதி எந்த நாட்டில் முதலில் கால் வைத்தாரோ பெரும்பாலும் அந்த நாடே அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி செய்தார்கள். இத்தாலியும் கிரேக்கமும் தவித்தன. 2015இல் பெருங்கூட்டமாக மக்கள் வந்தபோது பல நாடுகள் தம் கதவை மீண்டும் சாத்தத் தொடங்கின. மத்தியதரைக் கடலில் 2014 முதல் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டோ காணாமலோ போனதாகச் சர்வதேச குடிபெயர்வு அமைப்பின் கணக்கு சொல்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது: வெளியே காவல், உள்ளே சுதந்திரம் என்ற இரண்டும் நிலைக்க வேண்டுமானால் மூன்றாவதாகப் பொறுப்பும் பங்கிடப்பட வேண்டும். அது இல்லாத இடத்தில் முதலில் சாத்தப்படுவது ஏழையின் முகத்துக்கு எதிரே உள்ள கதவு.

கூலியைக் குறைப்பது யார்?

இனி மனுவின் மையத்துக்கு வருவோம். கூலி குறைகிறது என்கிறோம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி 2022-23இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் சுமார் 852 ரூபாய்; தமிழ்நாட்டில் சுமார் 500; மத்தியப் பிரதேசத்தில் சுமார் 278. நம் அப்பன்மார் மண்வெட்டியோடு ஏன் இங்கே வந்தார்கள் என்பதற்கும், இன்று வடக்கிலிருந்து மூன்று நாள் ரயிலில் ஏன் வருகிறார்கள் என்பதற்கும் இந்த மூன்று எண்களே பதில். 852 தர வேண்டிய இடத்தில் 600 தருகிறவன் யார்? வாங்குகிறவனா, கொடுக்கிறவனா? மொழி தெரியாதவனை, சொந்த ஊர்க்காரர் பக்கத்தில் இல்லாதவனை, சங்கத்தில் சேராதவனைத் தேடிப் பிடித்துக் குறைத்துக் கொடுக்கிறவன் கான்டிராக்டர். எல்லையில் கெடுபிடி கூடக்கூட அவனுக்கே லாபம். பயந்து வருகிறவன் கேட்டது கிடைக்காவிட்டாலும் பேசமாட்டான். பேசாதவன் இருக்கும்வரை நம் கூலியும் ஏறாது.

சட்டத்தில் நமக்குச் சில பிடிகள் உண்டு. 1979இல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம் கான்டிராக்டர் அழைத்து வந்தவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. தானாக வந்தவனுக்கு அதில் இடமில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு தானாக வந்தவரையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் கூலி பெறுவோரை அது விட்டுவிடுகிறது. அந்த வரம்பை உயர்த்தி அறிவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாள் 852 ரூபாய் வீதம் இருபத்திரண்டு நாள் வேலை செய்தாலே 18,744. நியாயக் கூலி வாங்குகிறவன் வெளியே. ஏமாற்றப்படுகிறவன் மட்டும் உள்ளே! நாம் ஆளை நிறுத்த மனுக் கொடுப்பதா, இந்த வரம்பை உயர்த்த மனுக் கொடுப்பதா?

பின்னால் வருகிறவர்

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கிணறு வெட்டவும் பழைய இரும்பு எடுக்கவும் நம்மவர் வந்த காலத்தில் நம்மைப் 'பாண்டி' என்றார்கள். ஊரில் கோழி காணாமல் போனால் முதலில் தட்டப்பட்டது நம் குடிசைக் கதவு. 1966இல் பம்பாயில் சிவசேனை தொடங்கியபோது முதல் குறி அங்கே வேலை பார்த்த தென்னிந்தியர். தமிழரை 'மதராசி' என்று சொல்லி அடித்தார்கள். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் பெங்களூரில் நம் மக்களின் குடிசைகள் எரிந்தன. அன்றெல்லாம் "இந்த நாட்டில் எங்கும் வாழ எங்களுக்கு உரிமை உண்டு" என்று சொன்னவர்கள் நாம். அந்த வாக்கியத்தில் 'எங்களுக்கு' என்றால் தமிழருக்கு மட்டுமா?

2025 டிசம்பரில் பாலக்காட்டு எல்லையில், வாளையாறு அருகே, சத்தீஸ்கரிலிருந்து வேலை தேடி வந்த ஒரு தொழிலாளியைத் திருடன் என்று சந்தேகித்து அடித்தே கொன்றார்கள். தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவி, பயந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். சந்தேகத்துக்கு எல்லைச் சாவடி தேவையில்லை. நாம் நிற்கிற ஜங்ஷன் போதும். அந்தச் சந்தேகத்துக்கு நம் சங்கத்தின் முத்திரையைக் குத்திக் கொடுக்க முடியாது.

இங்கே மலையாளத்தில் வடக்கிலிருந்து வருகிற எவரையும் 'பங்காளி' என்று சொல்லக் கேட்கிறோம். வங்காளத்துக்காரன் என்று பொருள். நம் தமிழில் பங்காளி என்றால் யார்? பங்குக்கு உரியவன். பங்காளிச் சண்டை நமக்குப் புதிதல்ல. ஆனால் பங்காளிக்குப் பங்கு இல்லை என்று எந்தப் பஞ்சாயத்தும் தீர்ப்புச் சொன்னதில்லை.

நம் கோரிக்கைகள்

ஆகவே பழைய மனுவுக்குப் பதிலாக இவற்றைக் கூட்டத்தின் முன் வைக்கிறோம்:

1. எல்லையில் சோதனை குற்றத்துக்கும் கடத்தலுக்கும் நோய்க்கும் மட்டுமே இருக்கட்டும். மொழியையும் உடையையும் பார்த்து ஆளை நிறுத்தக் கூடாது. எந்தக் காலத்திலும் ஆம்புலன்ஸ் நிறுத்தப்படக் கூடாது.

2. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து கடல் விபத்துக்கும் பேரிடருக்கும் ஒரே பட்டியல், ஒரே உதவி மையம் வைக்க வேண்டும்.

3. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டைக்கு மட்டுமே வெளி மாநிலத்தில் அரிசி கிடைக்கிறது. மற்ற தமிழ்நாட்டு அட்டை வைத்திருக்கும் தொழிலாளர்களுக்கும் இரு அரசுகளும் பேசி வழி செய்ய வேண்டும்.

4. கட்டடத் தொழிலாளர் நல வாரியப் பதிவு எல்லை கடந்தாலும் செல்லுபடியாக வேண்டும். 18,000 ரூபாய் வரம்பு உயர்த்தப்பட வேண்டும்.

5. கடைசிக் கோரிக்கை அரசிடம் அல்ல, நம்மிடம். வடக்கிலிருந்து வந்த தொழிலாளரை நம் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள விதியைத் திருத்த வேண்டும். நாம் வாங்கும் கூலிக்குக் குறைந்து அவர் வேலை செய்ய மாட்டார். அவர் வாங்காத கூலியை நாம் தனியாக வாங்க மாட்டோம்.

பழைய மனுவில் கையெழுத்திட்ட தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை ஜங்ஷனில் பக்கத்தில் நிற்கிறவரிடம் ஊர் எது என்று கேளுங்கள். பிள்ளைகள் எத்தனை என்று கேளுங்கள். என்ன கூலி தருகிறார்கள் என்றும் கேளுங்கள். அந்த மூன்றாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை அடுத்த ஞாயிறு இங்கே வந்து சொல்லுங்கள். அந்தக் கணக்கிலிருந்து நம் வேலையைத் தொடங்குவோம்.